தராசில் ஏறிய பைக்

என் 600 சிசி ஸ்போர்ட்ஸ் பைக்கின் முன் சக்கரத்துக்குக் கீழே ஒன்றும் பின் சக்கரத்துக்குக் கீழே ஒன்றுமாக, உடல் எடை பார்க்கும் இரண்டு டிஜிட்டல் தராசுகளை வைத்து, டேங்க் நிறையப் பெட்ரோலுடன் வண்டியை நண்பர் ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ள, நான் குனிந்து எண்களைப் படித்த அன்றுதான் எடைக் குறைப்பு வேலை உண்மையில் தொடங்கியது. முன்னால் 98 கிலோ, பின்னால் 93 கிலோ, மொத்தம் 191 கிலோ. பிடிப்பவர் வண்டியைத் தூக்கவும் கூடாது, அமுக்கவும் கூடாது. விரல் நுனியால் மட்டும் தாங்க வேண்டும். இல்லையென்றால் அவருடைய கையும் கணக்கில் சேர்ந்துவிடும். மூன்று முறை ஏற்றி இறக்கி, சராசரியை ஒரு நோட்டில் எழுதிய பிறகே ஸ்பேனரைத் தொட்டேன். அந்த நோட்டு இல்லாமல் போயிருந்தால், எங்கே தவறு செய்தேன் என்பது எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

பைக் உலகில் எடை என்ற சொல்லைப் போல நழுவும் சொல் வேறொன்று இல்லை. பெட்ரோல், என்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் நிரம்பி, சாவியைத் திருகினால் கிளம்பும் நிலையில் உள்ள எடை ஒன்று. இவற்றில் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ வடித்துவிட்டு, சில கணக்குகளில் பேட்டரியைக்கூடக் கழற்றிவிட்டுச் சொல்லும் ‘உலர் எடை’ இன்னொன்று. இரண்டுக்கும் இடையே 20 கிலோ வரை வேறுபாடு வருவது சாதாரணம். பழைய விளம்பரங்களில் உள்ள எண்களைப் பார்த்து ஏங்குகிறவர்கள், அவை பெரும்பாலும் உலர் எடைகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனாலும் அந்தப் பழைய எண்களுக்குப் பின்னால் இருந்த சிந்தனை இன்றும் படிக்கத் தக்கது. 1985-இல் விற்பனைக்கு வந்த சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750, அலுமினியச் சட்டமும், தண்ணீருக்குப் பதில் ஆயிலைக் கொண்டே சூட்டைத் தணிக்கும் என்ஜினுமாக, 176 கிலோ உலர் எடையில் நின்றது. 1992-இல் தடாவோ பாபாவின் தலைமையில் உருவான ஹோண்டா சிபிஆர்900ஆர்ஆர் ஃபயர்பிளேடு, 893 சிசி என்ஜினை வைத்துக்கொண்டு 185 கிலோ உலர் எடையோடு வந்தபோது, அதோடு போட்டியிட்ட, 1000 சிசியை ஒட்டிய ‘லிட்டர் பைக்குகள்’ 200 கிலோவைத் தாண்டியிருந்தன. 1998-இல் யமஹா ஒய்இசட்எஃப்-ஆர்1, 150 குதிரைத்திறனை 177 கிலோ உலர் எடைக்குள் அடக்கியது. இந்த மூன்றாவது வண்டியில் என்னைக் கவர்ந்தது 177 என்ற எண்ணைவிட அந்த என்ஜினின் வடிவம்தான். கியர்பாக்ஸின் தண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதால் என்ஜினின் நீளம் குறைந்தது. மிச்சமான இடத்தில், பின் சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங்ஆர்மை நீளமாக்கினார்கள். எடையைக் குறைத்ததோடு நிற்காமல், மிஞ்சிய எடையை எங்கே உட்கார வைப்பது என்றும் யோசித்திருக்கிறார்கள். நான் அதை யோசிக்காமல் தொடங்கினேன்.

வேலையை ஆரம்பித்ததும் எல்லோரும் சொன்ன முதல் யோசனை, வண்டியை விட்டுவிட்டு உன் வயிற்றைக் குறை என்பது. சிரிக்கத் தக்கதுதான், ஓரளவு நியாயமும்தான். 70 கிலோ உடம்பு, அதன்மேல் ஹெல்மெட், தோல் உடை, பூட்ஸ், கையுறை என 8 கிலோ, கீழே 191 கிலோ வண்டி என்று கூட்டினால் 269 கிலோ வருகிறது. அதில் 5 கிலோவை வயிற்றிலிருந்து எடுத்தாலும் சைலன்சரிலிருந்து எடுத்தாலும், நேர்கோட்டில் வேகமெடுக்கும்போது விளைவு ஒன்றே. ஆனால் வளைவுகளில் ஒன்றல்ல. ஓட்டுநர் வண்டியோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டவர் அல்லர். அவர் உடம்பை உள்பக்கம் சாய்க்கிறார், பள்ளம் வந்தால் முழங்காலை மடக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறார், பிரேக் பிடிக்கும்போது இடுப்பைப் பின்னால் தள்ளுகிறார். வண்டியின் எடைக்கு அந்த இடப்பெயர்ச்சி கிடையாது. சக்கரத்தின் எடையையோ எவ்வளவு பட்டினி கிடந்தாலும் குறைக்க முடியாது. எனவே அந்த யோசனையைத் தனிக் கணக்கில் வைத்துவிட்டு மேலே போனேன்.

269 கிலோவில் 10 கிலோ குறைந்தால் ஏறத்தாழ 3.7 விழுக்காடு. நடுத்தர வேகத்தில் இது என்ஜினின் சக்தியை ஏறக்குறைய அதே விழுக்காடு கூட்டியதற்குச் சமம். 100 குதிரைத்திறன் வண்டிக்கு 4 குதிரைத்திறன் சேர்த்ததுபோல. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பே மேலோங்குவதால் உச்ச வேகத்தில் இந்த லாபம் கரைந்துபோகும். நீளமான நேர்பாதையில் எதுவும் தெரியாது, குறுகிய வளைவிலிருந்து வெளியே வரும்போது கொஞ்சம் தெரியும். இதற்கு மேல் எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

முதல் சுற்றில் கைக்கு எட்டியதையெல்லாம் கழற்றினேன். கழற்றிய ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் வைத்து, பதிலுக்குப் பூட்டியதையும் வைத்து, வித்தியாசத்தை மட்டும் எழுதினேன். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு கூடிய பழைய எஃகு சைலன்சர் அமைப்பு 9.6 கிலோ, ட்ராக்கில் ஓட்டுவதற்கென்றே வாங்கிய டைட்டானியம் அமைப்பு 5.1 கிலோ; 4.5 கிலோ லாபம். இதைச் சாலைக்குக் கொண்டுவருவது ஒலி, புகை விதிகளுக்கு முரணானது என்பதால், சாலைக்கு வேண்டியபோது பழையதைத் திரும்பப் பூட்டுகிறேன். புதியது போட்டவுடன், என்ஜினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று வகுக்கும் எரிபொருள் மேப்பையும் சரிசெய்ய வேண்டியிருந்தது; அதைச் செய்யாமல் விட்டால் ஆக்சிலரேட்டரை மூடும்போதெல்லாம் வண்டி பட்டாசு வெடிக்கும்.

பேட்டரி அடுத்தது. ஈயப் பேட்டரி 3.2 கிலோ, லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் பேட்டரி 0.9 கிலோ. அதைப் பெட்டியிலிருந்து எடுத்த கணத்தில் உள்ளே ஒன்றுமே இல்லாத வெற்றுக் கூட்டை அனுப்பிவிட்டார்களோ என்று ஒருமுறை குலுக்கிப் பார்த்தேன். கிராமுக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டால் எல்லா மாற்றங்களிலும் மலிவானது இதுதான். ஆனால் இதன் குணம் வேறு. குளிர்ந்த காலையில் முதல் அழுத்தத்துக்கு ஸ்டார்ட்டர் முனகி நிற்கும். ஈயப் பேட்டரியாக இருந்தால் செத்துவிட்டது என்று முடிவு கட்டலாம். இதில் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு மறுபடி அழுத்தினால், மின்சாரம் ஓடியதில் உள்ளே சூடேறி, நல்ல உயிரோடு சுற்றும். சல்ஃபேட் நீக்கும் வசதியுள்ள பழைய சார்ஜரை இதில் மாட்டக் கூடாது. வண்டியின் ரெகுலேட்டர் பழுதாகி மின்னழுத்தம் 15 வோல்ட்டைத் தாண்டினால் இந்த வகை பேட்டரி அதைப் பொறுத்துக்கொள்ளாது. ஆகவே மாற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்து, என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வருகிறதா என்று பார்த்துக்கொள்வது கட்டாயம்.

செயினை 525-இலிருந்து 520-க்கு மாற்றினேன். இரண்டிலும் முதல் இலக்கம் ஒன்றே என்பதால் கண்ணிகளின் இடைவெளி மாறாது, 15.875 மில்லிமீட்டர்தான், அகலம் மட்டுமே குறைகிறது. பின் ஸ்ப்ராக்கெட்டை எஃகிலிருந்து அலுமினியத்துக்கு மாற்றியதையும் சேர்த்து 0.9 கிலோ. அலுமினியப் பற்கள் எஃகைவிட வேகமாகத் தேயும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். பின் இருக்கைக்காரருக்கான ஃபுட்ரெஸ்ட்களும் அவற்றின் தாங்கிகளும் 1.1 கிலோ, கைப்பிடியும் பின் மட்கார்டின் நீண்ட வாலும் 1.2 கிலோ, இருக்கைக்கு அடியில் தூங்கிய டூல் பையும் சில்லறைகளும் 0.4 கிலோ.

போல்ட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில்தான் மிகுதியான பேர் மிகுதியாக ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.85 கிராம், டைட்டானியம் 4.5 கிராம் அளவில், அலுமினியம் 2.7 கிராம். இந்த எண்களைப் பார்த்துவிட்டு வண்டியில் உள்ள எல்லா எஃகு போல்ட்டுகளையும் மாற்றிவிடலாம் என்று ஆசை வருவது இயல்பு. ஃபேரிங்கின், அதாவது வண்டியைச் சுற்றியுள்ள காற்றுத் தடுப்பு மூடியின், போல்ட்டுகள் அனைத்தையும் அலுமினியத்துக்கு மாற்றியதில் எனக்குக் கிடைத்தது 180 கிராம். ஒரு தம்ளர் தண்ணீர்கூட இல்லை. அந்த உற்சாகத்தில் ஃபேரிங்கைத் தாங்கும் முன் இரும்புக் கூட்டின் போல்ட் ஒன்றுக்கும் அலுமினியத்தைப் போட்டு, பழைய எஃகுக்கு உரிய முறுக்கிலேயே இறுக்கினேன். சத்தம் எதுவும் வரவில்லை. முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் ‘க்ளிக்’ என்று சொல்லும் முன்பே கைக்குள் வெண்ணெய்போல இளகியது. தலை என் ஸ்பேனரில் இருந்தது, உடல் துளைக்குள் இருந்தது. அந்த அரைத் துண்டைத் துளையிட்டு வெளியே எடுக்க ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போயிற்று. சுமை தாங்கும் இடத்தில் அலுமினிய போல்ட் கிடையாது என்பதும், டைட்டானியம் போல்ட்டை ஒட்டாமல் தடுக்கும் மசகு பூசாமல் இறுக்கினால் அது இழைகளைக் கவ்விக்கொண்டு திரும்பி வராது என்பதும், பிரேக் காலிப்பரையும் ஆக்சிலையும் தாங்கும் இடங்களில் பெயர் தெரியாத போல்ட் எதையும் போடக் கூடாது என்பதும் நான் பிறகு சுவரில் எழுதி ஒட்டிய விதிகள்.

இப்படியாக முதல் சுற்றில் 10.4 கிலோ குறைந்தது. போல்ட்டுகளின் 180 கிராமை வெட்கத்தால் கணக்கில் சேர்க்கவில்லை. பெருமையோடு ட்ராக்குக்குப் போனேன். மூன்றாவது சுற்றில் நேர்பாதையின் முடிவில் வழக்கமான இடத்தில் வழக்கமான அளவு பிரேக் பிடித்தபோது, பின் சக்கரம் தரையிலிருந்து எழும்பி இடப்பக்கம் ஒதுங்கி இறங்கியது. ஓட்டுநரின் பிழை என்று நினைத்தேன். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே ஆட்டம்.

திரும்பி வந்து வண்டியை, சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றியபோது, ட்ராக் நாட்களில் எல்லோருடைய வண்டியையும் ஒரு கண் பார்க்கிற மூத்த மெக்கானிக் ஒருவர் சுற்றி வந்து பார்த்தார். “தம்பி, கழட்டினது எல்லாம் பின்னாடி இருந்ததாவே இருக்கே. முன்னாடி என்ன எடுத்தீங்க?” என்று கேட்டார். “முன்னாடி எடுக்க ஒண்ணும் இல்லையேண்ணே” என்றேன். அவர் வேறு எதுவும் பேசாமல் பின் இருக்கையை ஒரு விரலால் அமுக்கி, அது மேலே வருவதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மறுபடி இரண்டு தராசுகளையும் எடுத்தேன். முன்னால் 96.4, பின்னால் 84.2. போன 10.4 கிலோவில் 8.8 கிலோ பின் சக்கரத்தின்மேல் இருந்தது. முன் சக்கரத்தின் பங்கு 51.3 விழுக்காட்டிலிருந்து 53.4 விழுக்காடாகக் கூடியிருந்தது. பார்வைக்குச் சின்ன எண். ஆனால் ஸ்போர்ட்ஸ் பைக்கின் பிரேக்கிங்கில் எல்லை எது என்று பார்த்தால் அது சின்னதில்லை.

எடை குறைந்தால் நிற்கும் தூரமும் குறையும் என்பது பாதி உண்மைதான். நல்ல டயரும் நல்ல டிஸ்க்கும் உள்ள குட்டையான ஸ்போர்ட்ஸ் பைக்கில், காய்ந்த தரையில், பிரேக்கிங்கின் எல்லையை வகுப்பது டயரின் பிடிப்பைவிடப் பின் சக்கரம் தூக்குவதே. பின் சக்கரம் எப்போது தூக்கும் என்பது மொத்த எடையைப் பொறுத்ததே அல்ல. எடையின் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன் சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்ற இரண்டின் விகிதத்தையே பொறுத்தது. எடை குறைந்ததால் டிஸ்க்குகள் சூடேறுவது குறையும், அது உண்மை. ஆனால் நான் செய்தது மையத்தை முன்னால் தள்ளிய வேலை. போதாக்குறைக்கு, பின் ஸ்ப்ரிங்மேல் இருந்த பாரம் குறைந்ததால் வண்டியின் வால் சில மில்லிமீட்டர் உயர்ந்து நின்றது. அதனால் மையமும் உயர்ந்தது, முன் ஃபோர்க்கின் சாய்வும் செங்குத்தாகி ஹேண்டில்பார் பதற்றமாகத் திரும்பியது. 10 கிலோ இளைத்த வண்டி, இளைக்காத வண்டியைவிட மோசமாக நின்றது.

எடையை எங்கே வைப்பது என்ற கணக்கைப் பந்தயக் குழுக்கள் எந்நாளும் போடுகிறவர்கள். மோட்டோஜிபி என்ற உலக பைக் பந்தயத்தின் 1000 சிசி வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச எடை 157 கிலோ. அதைவிட இலேசாகக் கட்ட முடிந்தவர்கள், மிச்சத்துக்குப் பார எடையைத் தங்களுக்கு வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். கழற்றியது ஓரிடம், வைப்பது வேறிடம். தராசில் அதே எண், ஓட்டத்தில் வேறு வண்டி. என்னிடம் அந்த வசதி இல்லாவிட்டாலும் திருத்த வழி இருந்தது. பின் ஷாக் அப்சார்பரின் ப்ரீலோடை, அதாவது ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் அளவை, குறைத்து, நான் உட்காரும்போது வண்டியின் பின்பக்கம் அமிழ்வது பழைய அளவுக்கு வரும்வரை நாடா வைத்து அளந்தேன். ஒரு மாலை வேலை. அடுத்த முறை அதே வளைவில் பின் சக்கரம் தரையைத் தேய்த்துக்கொண்டு, ஆனால் தரையிலேயே, வந்தது.

அதன் பிறகே சக்கரங்களுக்குப் போனேன். உண்மையில் அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். வார்ப்பு அலுமினியச் சக்கரங்கள் முன்னது 3.9 கிலோ, பின்னது 5.6 கிலோ. ஃபோர்ஜிங் முறையில் அடித்து உருவாக்கியவை 3.0, 4.3. மொத்தம் 2.2 கிலோ, அதாவது சைலன்சரில் கிடைத்ததில் பாதிகூட இல்லை, செலவோ அதைவிடக் கூடுதல். பூட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். டயரும் டிஸ்க்கும் மாட்டிய பழைய முன் சக்கரத்தின் ஆக்சிலை இரு கைகளாலும் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு, நண்பரைச் சுற்றிவிடச் சொல்லி, சுற்றும்போதே பக்கவாட்டில் சாய்க்க முயன்றேன். சக்கரம் சாய மறுத்து, நான் கேட்காத திசையில் மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு திரும்பியது. புதியதோடும் அதையே செய்தேன். மறுப்பு இருந்தது, ஆனால் முன்பைவிட மெலிந்திருந்தது. கையால் சுற்றிவிட்ட சக்கரம் நொடிக்கு இரண்டு மூன்று முறை சுற்றும். மணிக்கு 150 கிலோமீட்டரில் அதே சக்கரம் நொடிக்கு 22 முறை சுற்றுகிறது. இடமிருந்து வலம் வண்டியைச் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் ஓட்டுநரின் கை எதிர்த்து நிற்பது அந்த மறுப்பைத்தான்.

இங்கே ஒரு மிகைப்படுத்தலைத் தட்டிவிட வேண்டும். சக்கரத்தில் 1 கிலோ குறைந்தால் சட்டத்தில் 5 கிலோ, 10 கிலோ குறைந்ததற்குச் சமம் என்று பேசுகிறார்கள். வேகமெடுப்பதைப் பொறுத்தவரை உச்சமே இரண்டு மடங்குதான். முழுக்க விளிம்பில் உள்ள எடைக்கு, முன்னோக்கிப் போகும் ஆற்றல் ஒரு பங்கு, சுழலும் ஆற்றல் இன்னொரு பங்கு, அவ்வளவே. பேரிங்கை ஒட்டிய நடுப்பகுதியில் குறைந்த எடைக்கு அந்த இரண்டாவது பங்கும் ஏறக்குறைய இல்லை. எனவே நல்ல சக்கரம் வாங்குகிறவர் மொத்த எடையை மட்டும் கேட்காமல், விளிம்பில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். டயரும் விளிம்பிலேயே உட்காருகிறது. ஒரே அளவுள்ள இரண்டு டயர்களுக்கு இடையே சில நூறு கிராம் வேறுபாடு இருக்கக்கூடும், ஆனால் டயரை எடைக்காகத் தேர்ந்தெடுப்பவரை நான் நம்பமாட்டேன்.

வேகமெடுப்பதில் இவ்வளவுதான் என்றால், இந்த 2.2 கிலோ ஏன் முந்தைய 10.4 கிலோவைவிட அதிகமாக உணரப்பட்டது? ஒன்று, மேலே சொன்ன சாய்க்கும் எளிமை. மற்றொன்று, இது ஸ்ப்ரிங்குக்குக் கீழே இருக்கும் எடை. மேடு ஒன்றில் ஏறிய சக்கரம் மறுபடி தரைக்கு வர, ஸ்ப்ரிங் அதைக் கீழே தள்ள வேண்டும். தள்ளப்படுவது இலேசாக இருந்தால் சீக்கிரம் வந்துசேரும், தரையை விட்டிருக்கும் நேரம் குறையும். ட்ராக்கின் ஒரு வளைவில், பாதித் தொலைவில், தார் சுருங்கி அலை அலையாக எழும்பியிருக்கும். பழைய சக்கரத்தோடு அங்கே முன்பக்கம் கிடுகிடுவென்று நடுங்கி வெளியே வழுக்கப் பார்க்கும். புதியதோடு அதே நடுக்கம் ஒரு உறுமலாகச் சுருங்கிவிட்டது.

சிலவற்றைத் தொடவே இல்லை. டிஸ்க்குகளில் கூடுதல் துளை போடச் சொன்னவர் உண்டு. டிஸ்க் என்பது சூட்டைச் சேமிக்கும் தொட்டி, அதன் உலோகத்தைக் குறைத்தால் தொட்டியும் சிறுத்துவிடும். செயின் கார்டு, கண்ணாடிகள், ஹாரன், முன் மட்கார்ட் எல்லாம் சாலையில் அப்படியே உண்டு. மக்னீசியம் சக்கரம் இன்னும் இலேசு, ஆனால் மேல்பூச்சில் கீறல் விழுந்தால் ஈரத்தில் அரிக்கத் தொடங்கும். மழையில் நனைகிற வண்டிக்கு அது எனக்குச் சரிப்படாது. 2020-இல் டுகாட்டி வெளியிட்ட சூப்பர்லெஜ்ஜேரா வி4-இல் சட்டம், ஸ்விங்ஆர்ம், சக்கரம் எல்லாமே கார்பன் ஃபைபர், உலர் எடை 159 கிலோ, செய்தது மொத்தம் 500 வண்டிகள். அதைப் பார்த்து ரசிக்கலாம்; என் நோட்டில் அதற்கு வரி இல்லை.

அந்த நோட்டில் இரண்டு சுற்றுகளும் சேர்ந்து 12.6 கிலோ என்று இருக்கிறது. அதற்கு நேர் கீழே ஒருநாள் வேறொரு கணக்கை எழுதிப் பார்த்தேன்: ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 0.74 கிலோ, என் டேங்க் 17 லிட்டர், ஆக 12.6 கிலோ. இரண்டு ஆண்டுகளாக நான் கழற்றியதெல்லாம் ஒரு டேங்க் பெட்ரோல். அதுவும் வண்டியின் உயரமான இடங்களில் ஒன்றில், பைசா செலவில்லாமல் குறைக்கக்கூடியதாக இருந்திருக்கிறது. இப்போதெல்லாம் ட்ராக்குக்குப் போனால் ஒரு ஓட்டத்துக்குத் தேவையானதையும் அதற்கு மேல் இரண்டு லிட்டரையும் மட்டுமே ஊற்றுகிறேன்.

போன மாதம் பின் ஃபுட்ரெஸ்ட்களை அலமாரியிலிருந்து எடுத்துத் திரும்பப் பூட்டினேன். வார நாட்களில் என் பின்னால் உட்கார்ந்து வருகிறவர் கால் வைக்க இடமில்லாமல் பொறுத்தது போதும் என்று சொல்லிவிட்டார். நிறைந்த டேங்க்கோடு தராசில் ஏற்றினேன்: முன்னால் 95.8, பின்னால் 83.7. ப்ரீலோடை அரைச் சுற்று திரும்பக் கூட்டிவிட்டு, அதையும் எழுதிவைத்தேன்.